ஐந்தாவது பத்து

பால் கட்டிக்கொண்டு ரூபிக்கு மார் இரண்டும் கல்லாகியிருந்தன. அக்குளிலிருந்து தோள்பட்டைவரை நரம்பு இழுத்தது. ஜாக்கெட்டின் முன்பக்கம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். சாயக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சாய்ந்தால் அதையும் நாலு பேர் பார்ப்பார்கள்.

காலை ஏழு மணிக்கு உட்கார வைத்தார்கள். பதினொன்று தாண்டியாயிற்று. ஏழு மாதக் கைப்பிள்ளை பக்கத்து வீட்டு ஆதிலட்சுமியிடம் வீறிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வீடும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஒருவரின், பிரான்சுக்குப் போய்விட்ட குடும்பத்துடைய ஒரே பின்கட்டு. பழைய பட்டாளத்துக்காரர் செத்த பிறகு மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். தடுப்புச் சுவர் ஒற்றைக் கல். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பிள்ளை கத்தக் கத்த ரூபிக்குப் பால் சுரந்து முட்டியது.

"அத்தை" என்று மாமியார் பக்கம் குனிந்தாள். "சின்னவன் கத்தறான். அஞ்சு நிமிசம் போயி குடுத்துட்டு வந்துடறேன்."

லூர்துசெல்வி பெட்டியின் கண்ணாடி மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. "புருசன் பொணம் இங்க கெடக்கு. நீ எழுந்து போறேங்கற."

"பால் கட்டிகிச்சி அத்தை. வலி தாங்கல."

"அழுத பால் குடுக்கக் கூடாதுடி. புள்ளைக்கு வயித்தால போவும். ஆதிலட்சுமி பவுடர் பால் கலக்கி வச்சிருக்கா. குடிப்பான்."

"பாட்டில வாயிலயே வாங்க மாட்டேங்கறான்."

"பசிச்சா வாங்குவான்."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "ஆமாம்மா, இந்நேரத்துப் பாலு விஷம்" என்றாள். இன்னொருத்தி தலையை ஆட்டினாள்.

பெட்டிக்குள் மரிய அருண் தூங்குகிற முகத்தோடு கிடந்தான். முப்பத்து நாலு வயது. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், கோத்த விரல்களில் ஜெபமாலை. கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை தோளில் இறுகியிருந்தது. பத்து வருஷம் சிமெண்டு மூட்டை சுமந்ததில் தோள் ஒரு பக்கம் மேடேறிப் போயிருந்தது. எத்தனை குளித்தாலும் நகக்கண்ணில் தங்கிவிடுகிற சாம்பல் நிறம் இப்போதும் அங்கேயே இருந்தது. எதிர்ப்பக்கம் மகள் ஜெசிந்தா முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. ஈஸ்டர் முடிந்து முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்குவதற்கென்று தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனை எடுத்துப் போட்டுவிட்டிருந்தார்கள். வேறு வெள்ளை உடுப்பு அவளுக்கு இல்லை. காலையிலிருந்து அவள் அழவே இல்லை.

வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே லோடுமேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கன்னியப்பன் குரல் உள்ளே கேட்டது.

"ஒரு லாரி எறக்குனா எத்தன மூட்டன்னு எங்க எல்லாருக்கும் கொழம்பும். அவனுக்கு மட்டும் கொழம்பாது. மூட்டைக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவான். அம்பத்துமூணு மூட்ட ஆச்சின்னா ஒரு ஜெபமால. குடோன் மேஸ்திரி நோட்டயே பாக்க மாட்டான். 'டேய் அருணு, எத்தன மாலடா ஆச்சி?'ன்னு கேப்பான்."

"நீ கூட ஒருதபா அவங்கிட்ட மாட்டிகினியே."

"பின்ன. தலவலின்னு ஒரு கட்டிங் போட்டுட்டு வந்தேன். ஒண்ணும் சொல்லல. எம்மூட்டையும் சேத்து அவனே தூக்கிட்டான். அதுக்கு நாலு அறை உட்டிருக்கலாம்." கன்னியப்பன் சிரித்தான். "இனிமே கெட்ட வார்த்தய தாராளமா பேசலாம்டா. மொறைக்க ஆளில்ல." அவனே சொல்லிவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான்.

எல்லாம் உண்மைதான். குடி இல்லை, பீடி இல்லை. விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு அங்கிருந்து நேரே குடோனுக்குப் போவான். மாதத்தில் முதல் சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போய், குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து எல்லார் தலையிலும் தெளிப்பான். சனிக்கிழமைச் சம்பளம் கவர் பிரிக்காமல் அம்மா கைக்குப் போகும். ராத்திரி மகள் யூனிபாரத்தை அவனே துவைத்துக் காயப்போடுவான். பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை.

கல்யாணமான புதிதில் ரூபி வெள்ளைக்காரத் தெருவில் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரூம் பெருக்கி, பெட்ஷீட் மாற்றுகிற வேலை பார்த்தாள். அந்த வேலைக்குத் திரும்பிப் போகிறேன் என்று கேட்டபோது, "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றான். தனியாக உழவர்கரையில் ஒரு ரூம் பார்த்துப் போகலாம் என்றபோதும் அதையேதான் சொன்னான். அம்மா வேண்டாம் என்றாள். இவன் வந்து ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதா ஒரு வழி காட்டும், பொறு" என்றான். போய் யாரிடம் முறையிடுவது? குடிகாரனைக் கட்டினவளுக்காவது தெருவில் நியாயம் கேட்க ஆள் வரும். காலாப்பட்டிலிருந்து பார்க்க வரும் அவள் அப்பாவே, "மாப்ள மாதிரி ஒருத்தன் கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்மா" என்றுதான் சொல்வார். இன்றைக்கும் வந்திருந்தார். ஷாமியானாவின் ஓரத்தில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஜெபமால சொல்லிகினே போனாராமே. நல்ல மரணம்மா. யாருக்குக் கெடைக்கும்?" புதிதாக வந்த ஒருத்தி ரூபியின் தோளைத் தடவினாள்.

ரூபிக்கு அந்த நல்ல மரணம் நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும்.

நேற்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் வரும்போதே நெஞ்சை நீவிக்கொண்டுதான் வந்தான். வாய்வு என்றான். இஞ்சி தட்டிக் கொடுத்தாள், கோலி சோடா வாங்கிவந்தாள். ஏழு மணிக்கு வழக்கம்போல எல்லாரும் மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டார்கள். பத்து மரியே சேர்ந்தது ஒரு பத்து. ஜெபமாலையின் ஐந்து பத்தையும் அந்த வீட்டில் பங்கிட்டுச் சொல்வார்கள். முதல் இரண்டையும் லூர்துசெல்வி சொல்வாள், மூன்றாவது அருண், நாலாவது ரூபி, ஐந்தாவது ஜெசிந்தா. மூன்றாவது பத்தின் நடுவிலேயே அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வார்த்தை வார்த்தையாக நிறுத்தினான்.

"எழுந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் ரூபி.

அவன் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தான். லூர்துசெல்வி கண்ணைத் திறக்காமல், "வாய்வுதான். ஜெபத்த முடிச்சிட்டுப் போலாம்" என்றாள்.

நாலாவது பத்தை ரூபி முழுங்கி முழுங்கிச் சொன்னாள். இரண்டு நிமிஷத்தில் முடித்தாள். ஐந்தாவது பத்தை ஜெசிந்தா, மடத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அருண் சுவரில் சாய்ந்துகொண்டு மகளைப் பார்த்துச் சிரித்தான். அதற்குமேல் நீண்ட மன்றாட்டு மாலை. கடைசி ஆமென் சொன்னபோது அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் அண்ணன் கிறிஸ்துதாஸ் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்து தூக்கிப் போட்டான். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதே உயிர் இல்லை. சின்ன வயது டாக்டர் ஒருவர், "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். ரூபி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மடத்திலிருந்து சிஸ்டர் பிலோமின் இன்னும் இரண்டு கன்னியரோடு வந்தார். ஜெசிந்தா படிக்கிற பள்ளிக்கூடத்தையும் அதை ஒட்டிய போர்டிங்கையும் பார்த்துக்கொள்பவர். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து முடித்து, சிஸ்டர் ரூபியின் பக்கம் குனிவதற்குள் லூர்துசெல்வி எழுந்தாள். பெட்டியைச் சுற்றிப் போய் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துத் தூக்கி, சிஸ்டரின் கைக்குள் வைத்தாள்.

"சிஸ்டர், எம்புள்ள குடுத்த வாக்கு. அவன் போயிட்டான், வாக்கு போவாது. இனிமே இவ ஒங்க புள்ள. ஜூன் மாசம் வந்து சேத்துக்குங்க."

ரூபிக்குப் புரியவில்லை. "இன்னா வாக்கு?"

"இவள மாதாவுக்கு நேர்ந்துட்டான். கன்னியர் மடத்துக்கு." லூர்துசெல்வி ரூபியைப் பார்க்காமல், கூடியிருந்த பெண்களைப் பார்த்துப் பேசினாள். "இவ ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் நிக்காம கெடந்தா இல்ல? டாக்டருங்க கையெழுத்து வாங்கிட்டாங்க. எம்புள்ள ஆஸ்பத்திரி வெராண்டாவுல முட்டி போட்டு அழுதான். 'தாயே, எம்பொண்டாட்டிய எனக்குக் குடுத்துடு, எந்தலப்புள்ளய நீ எடுத்துக்கோ'ன்னான். மாதா குடுத்துச்சி. இதோ உக்காந்திருக்கா பாரு."

எல்லாரும் ரூபியைப் பார்த்தார்கள். மாதா கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். யாரோ, "மாதாவே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"எங்கிட்ட யாரும் சொல்லல" என்றாள் ரூபி.

"ஒன்னக் கேட்டுட்டா நேர முடியும்? நீதான் நெனவில்லாம கெடந்தியே."

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவனின் கத்தல் கேவலாக மாறி, மூச்சு அடைத்து, நின்றது. அந்த மௌனம்தான் ரூபியை எழுப்பியது. கால் மரத்துப் போயிருந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி போற?"

அவள் பெண்களின் மடிகளைத் தாண்டிப் போனாள். "பாரு, எழுந்து போறா" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஷாமியானாவில் லோடுமேன்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் அப்பா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

ஆதிலட்சுமி பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். "வந்துட்டியா? வா வா. இவ்ளோ நேரம் ஒங்க சாமிங்களயெல்லாம் கூப்ட்டுப் பாத்தேன், எஞ்சாமிங்களயும் கூப்ட்டுப் பாத்தேன். ஒருத்தரும் வரல. தூங்குறாப்ல இருக்கான், தூக்கம் இல்ல, கத்தி ஓஞ்சிட்டான்."

"அழுத பால் குடுக்கக் கூடாதாங்க்கா."

"அழுவாத பால் எந்தப் பொம்பளகிட்ட இருக்கு? குடு."

பிள்ளை கவ்வியதும் ரூபி பல்லைக் கடித்தாள். உயிர் போகிற வலி. மறுபக்கத்துப் பால் தானாக வழிந்து புடவையில் இறங்கியது. ஆதிலட்சுமி கதவை ஒருக்களித்துச் சாத்தப் போனவள், வாசலில் சிஸ்டர் பிலோமினைப் பார்த்துவிட்டுத் திறந்து விட்டாள்.

சிஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிஸ்டர், எம்பொண்ண எடுத்துகினு போயிடுவீங்களா?"

"சந்தையில கோழி எடுத்துட்டுப் போற மாதிரியா கேக்கறே?" சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "மடத்துக்கு வர்றவ தானா வரணும்மா. பதினெட்டு வயசாவணும், படிச்சிருக்கணும், பல வருஷம் இருந்து பாக்கணும். பாதிப் பேர் திரும்பிப் போயிடறாங்க. அப்பா நேர்ந்தாரு, ஆயா நேர்ந்தாங்கன்னு யாரையும் சேத்துக்க மாட்டோம். அருண்கிட்டயும் இதத்தான் சொன்னேன்."

"வந்தாரா ஒங்ககிட்ட?"

"பொங்கல் கழிச்சி வந்தாரு. ஜூன்லருந்து போர்டிங்ல விடறேன், இப்பத்துலருந்தே பழகட்டும்னு ஃபாரம் வாங்கி எழுதிக் குடுத்தாரு. அப்பறம்..." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "முந்தாநாள் திங்கக்கிழம சாயந்திரம் வேலையில இருந்து அப்படியே வந்தாரு. தலையெல்லாம் சிமெண்டு. ஃபாரத்தக் குடுத்துடுங்க சிஸ்டர்னாரு. ஏன்னு கேட்டேன், சொல்லல. மடிச்சி சட்டப் பையில வச்சிகிட்டுப் போயிட்டாரு."

ரூபி பிள்ளையை அடுத்த பக்கத்துக்கு மாற்றினாள். மாரின் இறுக்கம் இளகிக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து முதல்முறையாக அவளுக்கு மூச்சு முழுசாக உள்ளே போனது. திங்கட்கிழமை அவன் மனசு மாறியிருக்கிறான். அம்மாவைக் கேட்காமல், யாரையும் கேட்காமல், தானாக ஒரு காரியம் செய்திருக்கிறான்.

"இத நீங்களே அத்தைகிட்ட சொல்லிடுங்க சிஸ்டர்."

"நான் சொன்னா எடுக்காது. ஃபாதர் வர்றாரு இல்ல, நான் பேசறேன்."

மூன்றரை மணிக்கு ஃபாதர் வந்தார். சிஸ்டர் வாசலிலேயே அவரை நிறுத்திப் பேசுவதை ரூபி பார்த்தாள். அங்கி மாட்டுவதற்கு முன் அவர் அடுப்படி ஓரத்தில் லூர்துசெல்வியையும் கிறிஸ்துதாசையும் கூப்பிட்டார். ரூபியும் போய் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"அம்மா, நேர்ச்சைங்கறது நேர்ந்தவரோடது" என்றார் ஃபாதர். "ஒருத்தர் தன்னோட உழைப்பக் குடுக்கலாம், தன்னோட பொருளக் குடுக்கலாம். இன்னொருத்தரோட வாழ்க்கையக் குடுக்க முடியாது. அருண் நேர்ந்தது அருணோட முடிஞ்சிது. குருவானவரா நானே சொல்றேன், அது யாரையும் கட்டாது."

"எந்தம்பி பேச்சு அவ்ளோதானா ஃபாதர்?" கிறிஸ்துதாஸ் கொதித்தான். "உயிரோட இருக்கறப்ப அவன் வார்த்தய ஒருத்தன் தட்டுனதில்ல."

"மாமா, அவரே ஃபாரத்தத் திருப்பி வாங்கிட்டாரு" என்றாள் ரூபி. "சிஸ்டரக் கேளுங்க."

லூர்துசெல்வி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப?"

"திங்கக்கிழம."

"செவ்வாக்கிழம செத்துட்டான்" என்றாள் லூர்துசெல்வி மெதுவாக. பிறகு ஃபாதர் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குச் சட்டம் தெரியும் சாமி. எனக்கு மாதாவத் தெரியும். வாக்கத் திருப்பி வாங்குனான், போயிட்டான். இல்லன்னா நீங்க சொல்லுங்க, எம்புள்ள ஏன் செத்தான்? முப்பத்து நாலு வயசு. ஒரு தலவலின்னு படுத்ததில்ல. ஏன் செத்தான்?"

ரூபியும் லூர்துசெல்வியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரில் சாய்ந்திருந்த அருணும், முடிச்சிட்டுப் போலாம் என்ற வார்த்தையும் அந்தப் பார்வைக்குள் வந்து நின்றன. மாதா எடுத்துக்கொண்டது என்று சொல்ல முடியாவிட்டால் கிழவிக்கு மிச்சமிருப்பது ஜெபத்தை முடிக்க மகனை உட்கார வைத்த அந்தக் கால் மணி நேரம் ஒன்றுதான். ரூபிக்கு அது புரிந்தது. வாய்வரை வந்ததை அவள் சொல்லவில்லை.

லூர்துசெல்விதான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள். "சரி சாமி. நீங்க முடிஞ்சிதுன்னா முடிஞ்சிது" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்து முடித்ததும் சவப்பெட்டியில் மாற்றினார்கள். கடைசி முத்தம் கொடுக்க ஒவ்வொருவராக வந்தார்கள். கன்னியப்பன் குனிந்து அருணின் தோளில், மூட்டை தேய்த்த இடத்தில், முத்தம் கொடுத்தான். ரூபி நெற்றியில் கொடுத்தாள். ஐஸ் பெட்டியின் குளிர் உதட்டில் ஒட்டியது. ஜெசிந்தாவைக் கிறிஸ்துதாஸ் இடுப்பில் தூக்கிக் காட்டினான். அவள் முத்தம் கொடுக்காமல் அப்பாவின் காதில் வாயை வைத்து என்னவோ சொன்னாள். பெண்கள் அதைப் பார்த்து ஓவென்று அழுதார்கள்.

தவக்காலம் என்பதால் பேண்டு வாத்தியம் இல்லை. கோயிலில் துக்க மணி அடித்தது. லோடுமேன்கள் பெட்டியை யாருக்கும் விட்டுத் தரவில்லை. கோயிலிலிருந்து கல்லறைவரை தோளிலேயே கொண்டுபோனார்கள். நடுவில் தோள் மாற்றிக்கொள்ளவும் இல்லை. நூறு கிலோ பெட்டியும் பிணமும் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. குழிக்குள் இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, கல்லறை வாசலுக்குப் பக்கத்திலிருந்த குழாயில் ரூபி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் கழுவிவிட்டாள். கவுனின் ஓரமெல்லாம் செம்மண். புதுநன்மைக்கு இது ஆகாது. அதைத் தோய்த்துப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா காதுல இன்னாடி சொன்ன?"

"சாரி சொன்னேன்."

"எதுக்கு?"

ஜெசிந்தா குழாய்த் தண்ணீரில் விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "ஆயா சொன்னாங்க இல்ல, அப்பா ஆஸ்பத்திரில நேர்ந்தாருன்னு. அப்பா தனியா நேரலம்மா. நானும்தான் பக்கத்துல முட்டி போட்டிருந்தேன். 'பாப்பா, அம்மா வேணும்னா நீ மாதாகிட்ட போவணும், போறியா?'ன்னு அப்பா கேட்டாரு. போறேன்னு நான்தான் சொன்னேன்."

"நீ சின்னப் புள்ளடி. அதெல்லாம் கணக்கில்ல. ஃபாதரே முடிஞ்சி போச்சின்னுட்டாரு."

"அவரு அப்பாவோடதத்தானே முடிஞ்சிதுன்னாரு. நேர்ந்தவங்களோடதுன்னு சொன்னாரு இல்ல? நான் அடுப்படி பக்கத்துல நின்னுகினு கேட்டேன். நானும் நேர்ந்தேனே."

ஜெசிந்தாவே மேலே பேசினாள். ஐந்தாவது பத்து சொல்வதுபோல ஒரு எழுத்து விடாமல் பேசினாள்.

"ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சி வர்றப்ப அப்பாகிட்ட அழுதேன். போர்டிங் வேணாம், மடம் வேணாம், தம்பி கூடவே இருக்கேன்னேன். அப்பா திட்டல. ரோட்டு ஓரமா கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறம் 'சரி பாப்பா, நீ போவேணாம். மாதாகிட்ட நான் பேசிக்கறேன். உனக்குப் பதிலா அப்பா எதயாவது குடுத்துடறேன்'னாரு."

"பாப்பா..."

"குடுத்துட்டாரு. அதான் சாரி சொன்னேன்."

"அது ஹார்ட் அட்டாக்குடி. டாக்டர் சொன்னாரு இல்ல? இதயம் நின்னு போச்சி."

"நிறுத்துனது யாரும்மா?"

ரூபி வாயைத் திறந்தாள். யாரும் நிறுத்தவில்லை, கால் மணி நேரம் முன்னால் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் நின்றிருக்காது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கால் மணி நேரத்தில் யார் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பிள்ளை கணக்குப் பார்ப்பாள். நிறுத்தி நிறுத்திச் சொன்ன பத்து மரியேக்களும் அவள் நினைவுக்கு வரும். ரூபி மகளின் விரல்களைப் பிடித்து மறுபடி தண்ணீரில் காட்டினாள்.

கல்லறை வாசலில் ஆட்டோவை ஸ்டார்ட் செய்து கிறிஸ்துதாஸ் ஹாரன் அடித்தான். உள்ளே லூர்துசெல்வி உட்கார்ந்திருந்தாள். ஆதிலட்சுமி வீட்டில் பிள்ளை மறுபடி பசியோடு இருப்பான். ராத்திரி ஏழு மணிக்கு அந்த வீட்டில் ஜெபமாலை உண்டு.

"அம்மா." ஜெசிந்தா அவள் கையை ஆட்டினாள். "அப்பா குடுத்ததுல தீந்து போச்சா? இல்ல நான் இன்னும் குடுக்கணுமா?"

தீர்ந்தது என்று சொன்னால் பெண் வீட்டோடு இருப்பாள். அப்பாவைக் கொடுத்து வாங்கின இருப்பு இது என்று சாகிறவரை நினைத்துக்கொண்டே இருப்பாள். ரூபி பிரசவத்துக்குப் பிந்திய தன் ஏழு மாதத்தை நினைத்துப் பார்த்தாள். மகளைக் கொடுத்து வாங்கின உயிர் தன்னுடையது என்று இன்றைக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அதற்குள் தாங்க முடியவில்லை. அந்தப் பாரம் மகளுக்கு வேண்டாம்.

"தீரலடி" என்றாள். "அப்பா ஒண்ணும் குடுக்கல. அப்பா ஒனக்காக சாவல."

"நெசமா?"

"நெசமா."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

ஜெசிந்தாவின் தோள் இறங்கியது. காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. விக்கி விக்கி, சாதாரண ஒன்பது வயதுப் பிள்ளை அழுகிறமாதிரி அழுதாள். ரூபி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது ஓய்ந்ததும் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான்தான் பாக்கி" என்றாள்.

ரூபி குழாயை மூடினாள். வாஷர் தேய்ந்த குழாய், சொட்டிக்கொண்டே இருந்தது. மகளின் கவுன் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிழிந்துவிட்டாள். வில்லியனூர் மாதாவுக்கு ஒரு பெண் பிள்ளை பாக்கி. பெயர் ஜெசிந்தா.